சாரலில் மட்டும் ஊறிய சுவர்: ஏற்காட்டு வீடு ஒன்றின் கூரை விளிம்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

## பின்னணி

சேர்வராயன் மலையில், ஏற்காடு ஊரிலிருந்து சற்றுத் தள்ளி, காப்பித் தோட்டத்தை ஒட்டி நிற்கும் வீடு அது. கட்டி அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. கருங்கல் அடித்தளம், செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. முன்பக்கம் நல்ல சரிவுள்ள உயரக் கூரை. பின்பக்கம் சமையலறையும் சாமான் அறையும் சேர்ந்த தாழ்ந்த ஒட்டுக்கூரை. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரும் அவர் மனைவியும் அங்கே இருக்கிறார்கள். மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறார்.

முதலில் முழுக்க மங்களூர் ஓடு வேய்ந்த வீடு. குரங்குகள் ஓட்டைப் புரட்டிப் போடுவதும், மாற்ற ஓடு கிடைக்காமல் அலைவதும் தாங்காமல், நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓட்டை இறக்கிவிட்டு வண்ணம் பூசிய தகர ஷீட் போட்டார்கள். செய்தவர்கள் சேலத்திலிருந்து மேலே போன ஆட்கள். வேலை பார்வைக்குச் சுத்தமாகவே இருந்தது. இரண்டாம் ஆண்டிலேயே பின்சுவரின் மேல்பகுதி ஊறத் தொடங்கியது.

நான் சேலத்தில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையை எடுத்துச் செய்கிறேன். என்னைக் கூப்பிட்டபோது அந்த வீட்டில் மூன்று முறை வைத்தியம் முடிந்திருந்தது. முதல் முறை ஷீட்டின் எல்லா ஸ்க்ரூத் தலையிலும் சிலிகான் வைத்தார்கள். அடுத்த முறை ஸ்க்ரூக்களையே ரப்பர் வாஷரோடு புதிதாக மாற்றினார்கள். மூன்றாவதாக, உப்பிய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமென்ட் பூச்சு பூசி, அதன்மேல் நீர்த்தடுப்புப் பெயின்ட் அடித்தார்கள். மூன்றுக்கும் பணம் போனது. ஈரம் மட்டும் போகவில்லை.

## முதல் நாள் பார்த்தது

ஆனி கடைசியில் போனேன். தூறலும் மஞ்சும் மாறி மாறி வந்துகொண்டிருந்த நாள். பின்சுவரின் உச்சியில், கூரைக்கு அடியில் ஓரடி அகலத்துக்குக் கறுப்புப் பாசி. கூரை சுவருக்கு வெளியே நீளும் இறவாணத்தில், கூரையைத் தாங்கும் சாய்வுக் கட்டைகளான கைமரங்களின் நுனிகளை மறைத்து அடித்திருந்த சில்வர் ஓக் பலகையின் கீழ் ஓரத்தை விரலால் அழுத்தினால், ஊறிய ரஸ்க் போல உள்ளே போனது. சமையலறைக்குள் மேற்கு மூலையில் பூச்சு உப்பி, பெயின்ட் தோல் உரிந்து தொங்கியது.

அப்போது அந்த வீட்டு அம்மா சொன்ன ஒரு சொல்தான் இந்த வேலை முழுவதற்கும் திறவுகோலாக அமைந்தது. "தம்பி, பெரிய மழைக்கு ஒண்ணும் ஆவறதில்லை. நசநசன்னு நாள் முழுக்கத் தூறிட்டே இருக்கிற அன்னைக்குத்தான் இந்த மூலை ஊறுது."

கூரையில் ஓட்டை இருந்தால் பெருமழையில் அதிகம் ஒழுக வேண்டும், தூறலில் குறைய வேண்டும். இங்கே தலைகீழாக இருந்தது. முன்னால் வந்தவர்களிடமும் இதையே சொன்னதாக அம்மா சொன்னார். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கூரைக்குக் கீழே தினமும் நின்று சமைக்கிறவரைவிட அந்த ஈரத்தைப் பற்றித் தெரிந்தவர் வேறு யார் இருக்க முடியும்?

கீழே தரையிலும் ஒன்று கிடைத்தது. பின்சுவரை ஒட்டிப் பழைய கல் பாவியிருந்தார்கள். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, அந்தக் கல்லில் நேர்கோடாகச் சிறுசிறு குழிகள். ஒரு குழிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளி. ஓட்டுக்கு ஒரு சொட்டாக அத்தனை வருடம் விழுந்து விழுந்து தேய்த்த குழிகள் அவை. அன்று அவற்றில் தூறல் ஈரத்தைத் தவிர வேறு இல்லை. கூரைத் தண்ணீர் இப்போது விழுவது சுவரிலிருந்து அரை அடியில். அங்கே கல் புதிதாகப் பாசி பிடித்து வழுக்கியது.

ஆசிரியரிடம் கேட்டேன். ஷீட் போடும்போது கைமரங்களின் நுனி உளுத்திருந்ததால் ஓரடி அறுத்துவிட்டார்கள் என்றார். அறுத்த இடத்துக்கு நேராகப் பலகை அடித்து, பலகைக்கு வெளியே ஒரு அங்குலம் மட்டும் ஷீட் நீட்டி முடித்திருந்தார்கள். "அப்புறம் கட்டர் போடலாம்னு சொன்னாங்க சார், வரவே இல்லை" என்றார். கட்டர் என்பது கூரை விளிம்பில் விழும் தண்ணீரை வாங்கி ஓடவிடும் வாய்க்கால்.

## சாக்பீஸ் சோதனை

சந்தேகம் மூன்று இடத்தில் இருந்தது. ஸ்க்ரூ ஓட்டை வழியாக ஒழுகலாம். இரவுக் குளிரில் ஷீட்டின் அடியில் வேர்த்துச் சொட்டலாம். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனி இறங்கும் ஊரில் இது சாதாரணமாக நடக்கும். அல்லது விளிம்பில் தண்ணீர் திரும்பி உள்ளே வரலாம்.

ஏணி போட்டு ஷீட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். கறை எல்லாமே நாக்கு வடிவத்தில் இருந்தது. வெளி ஓரத்தில் அகலமாகத் தொடங்கி உள்ளே போகப்போகக் குறுகி முடிந்தது. ஸ்க்ரூவில் ஒழுகினால் கறை ஸ்க்ரூவில் தொடங்கிக் கீழ்நோக்கி வந்திருக்க வேண்டும். வேர்த்துச் சொட்டினால் அடிப்பக்கம் முழுக்கப் பரவலாகத் தெரிய வேண்டும். நாக்கு முடிந்த இடத்தைத் தாண்டி உள்ளே ஷீட் பளிச்சென்று இருந்தது.

உறுதிப்படுத்திக்கொள்ள ஆசிரியரிடம் சாக்பீஸ் கேட்டேன். ஓய்வுபெற்றுப் பல வருடமாகியும் ஒரு டப்பா வைத்திருந்தார். துணியால் ஒற்றி உலரவைத்த இடத்தில், ஷீட்டின் அடியிலும் பலகையின் மேல் ஓரத்திலும் சாக்பீஸை நன்றாகத் தேய்த்து வெள்ளையாக்கினேன். அப்புறம் கூரைமேல் ஹோஸைத் திறந்தோம்.

முதலில் முழு வேகத்தில் விட்டோம். தண்ணீர் ஷீட்டின் பள்ளங்களில் ஓடி வந்து விளிம்பைத் தாண்டிப் பாய்ந்து விழுந்தது. சாக்பீஸ் கலையவே இல்லை. சரி, குழாயைக் கால்வாசிக்குக் குறைத்தோம். பாய்ச்சல் நின்று, விளிம்பில் முத்து முத்தாகக் கோத்து நின்றது. மொட்டை மாடியில் வேலை பார்த்தே பழகியவன் நான். அடுத்து நடந்ததை அதுவரை கிட்டத்தில் பார்த்ததில்லை. ஒரு முத்து விளிம்பைச் சுற்றி அடிப்பக்கம் போய் ஒட்டியது. பின்னால் வந்த முத்து அதைத் தள்ளியது. இரண்டும் சேர்ந்து வெள்ளைப் பொடியில் கோடு கிழித்துக்கொண்டு பலகையின் தலைக்கு நகர்ந்தன. கால் மணி நேரத்தில் பத்தடி நீளத்தில் ஏழு கோடுகள். எல்லாக் கோடும் பலகைக்குப் பின்னால் இறங்கிக் கைமர நுனிக்கும் சுவர்த் தலைக்கும் போய்ச் சேர்ந்தன.

காபி ஆற்றும்போது எல்லோரும் பார்த்திருப்போம். விளிம்பு வெளியே மடிந்த டம்ளரில் எவ்வளவு மெதுவாகச் சாய்த்தாலும் காபி நேராக விழும். விளிம்பு மடியாத பாத்திரத்தை மெதுவாகச் சாய்த்தால் காபி வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டு அடிவரை வழியும். வேகமாகச் சாய்த்தால் வழியாது. தண்ணீருக்கு எதையும் பற்றிக்கொள்ளும் குணம் உண்டு. வேகம் இருந்தால் அந்தப் பிடியை விட்டுப் பாயும். வேகம் இல்லாவிட்டால் பிடித்த பொருளோடு போகும். இந்த ஒட்டுக்கூரையில் எட்டடிக்கு ஓரடிதான் வாட்டம். தென்மேற்குக் காற்று வேறு பள்ளத்தாக்கிலிருந்து நேராகப் பின்சுவரில் அடித்து, தொங்கும் முத்துகளை உள்ளே தள்ளியது.

ஓட்டுக்கூரையில் இந்தத் தொல்லை ஏன் இல்லை என்பதும் அங்கேயே புரிந்தது. ஓடு கனமானது; கடைசி வரிசை சட்டத்தைத் தாண்டி நன்றாக நீட்டியிருக்கும். ஓட்டின் அடியில் கொஞ்சம் ஊர்ந்து வந்தாலும் மரத்தைத் தொடுமுன் சொட்டிவிடும். தொட்டாலும் அங்கிருந்து சுவர் ஒன்றரை அடி தூரம். அந்த இரண்டு பாதுகாப்பையும் ஒரே நாளில் எடுத்துவிட்டு, ஈடாக எதையும் வைக்கவில்லை.

## எடுத்த முடிவும் காரணமும்

மகன் தொலைபேசியில் இரண்டு யோசனை சொன்னார். ஷீட்டை மொத்தமாகக் கழற்றி, கைமரத்தை நீட்டி, புதிதாகப் போடலாம் என்பது ஒன்று. அதற்கு மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்று ஏற்கெனவே ஒருவர் கணக்குக் கொடுத்திருந்தார். கட்டர் மட்டும் மாட்டலாம் என்பது இன்னொன்று.

கட்டர் யோசனையை நான் முதலில் ஏற்கவில்லை. விளிம்பில் திரும்பும் தண்ணீர் கட்டருக்குள் விழாது. கட்டருக்கும் பலகைக்கும் நடுவே இறங்கும். போதாக்குறைக்குப் பின்னால் நிற்பதெல்லாம் சில்வர் ஓக். இலை விழுந்து அடைத்தால் தண்ணீர் பலகைப் பக்கமே நிரம்பி வழியும். ஷீட்டை முழுதாக மாற்றுவதும் தேவைப்படவில்லை. ஷீட் நன்றாக இருந்தது. கெட்டது விளிம்பு மட்டும்தான்.

எனவே சொட்டு விளிம்பு வைப்பதென்று முடிவு செய்தோம். ஷீட் மடிக்கும் பட்டறைகளில் இதைப் பொதுவாகப் பிளாஷிங் என்பார்கள். தகரப் பட்டையை மடித்து, ஒரு பக்கம் ஷீட்டுக்கு அடியில் கூரைமேல் படுத்திருக்கும். மறுபக்கம் பலகைக்கு முன்னால் கீழே இறங்கும். அதன் நுனி அரை அங்குலம் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். ஷீட்டின் அடியில் ஊர்ந்து வரும் தண்ணீரை இந்தப் பட்டை வாங்கிக்கொண்டு மரத்தைத் தொடவிடாமல் வெளியே சொட்டவைக்கும். அமெரிக்காவில் ஷிங்கிள் என்ற மெல்லிய வில்லைகளை வேயும் வீடுகளுக்கு இறவாணத்திலும் பக்கச் சரிவின் ஓரத்திலும் இது இருக்க வேண்டும் என்று அவர்களுடைய வீட்டுக் கட்டட விதித்தொகுப்பே சொல்கிறது. கூரைமேல் குறைந்தது 2 அங்குலம் ஏற வேண்டும், ஒரு துண்டும் அடுத்ததும் 2 அங்குலம் மேலேறி அமர வேண்டும், 12 அங்குலத்துக்குள் ஒரு பிடிப்பு வேண்டும் என்பவை அந்த அளவுகள். நம் ஷீட் கூரைக்கும் அந்த எண்களை அடிப்படையாக வைத்துக்கொண்டேன்.

பொருளை ஷீட்டோடு ஒத்த வண்ணத் தகரமாகவே எடுத்தோம். வேறு உலோகம் கலந்தால் ஈரத்தில் ஒன்று மற்றொன்றை அரிக்கும். ஆடியில் பத்தடிக்கு மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு, மழைக்காலம் முடிந்தபின் மீதியைச் செய்வது என்று பேசிக்கொண்டோம்.

## முதல் பத்தடி

அந்தப் பத்தடி சரியாக வரவில்லை. தவறு என்னுடையது. படம் வரைந்து கொடுக்காமல் பட்டறைக்குத் தொலைபேசியில் "மூணுக்கு மூணு எல் மடிப்பு" என்று சொல்லிவிட்டேன். நுனியின் வெளிச்சாய்வு இல்லாமல் வெறும் எல் வடிவம் வந்தது. அவசரத்தில் அதையே பலகையோடு ஒட்ட வைத்து ஸ்க்ரூ அடித்தோம்.

ஐப்பசியில் ஆசிரியர் கூப்பிட்டார். நாட்காட்டித் தாளின் பின்பக்கம் நாள்வாரியாகக் குறித்து வைத்திருந்தார்: எந்த நாள் தூறல், எந்த நாள் பெருமழை, மூலை ஈரமா உலர்ந்ததா. புதிதாகப் பட்டை வைத்த பத்தடியில் பலகையின் தலை காய்ந்துவிட்டது, ஆனால் அடி இன்னும் ஊறுகிறது என்று அந்தக் குறிப்பு சொன்னது. போய்ப் பார்த்தேன். பட்டையின் முகத்தில் வழிந்த தண்ணீர், வெளியே சாயாத நுனியைச் சுற்றிப் பலகையின் அடிக்குப் போய் ஒட்டியிருந்தது. ஷீட்டின் விளிம்பில் நடந்தது அப்படியே மூன்று அங்குலம் கீழே மறுபடி நடந்திருந்தது. அந்த அரை அங்குல மடிப்புதான் இந்தப் பட்டையின் உயிர் என்பதை நான் செலவழித்துத் தெரிந்துகொண்டேன்.

## முழு வேலை

தை மாதக் கடைசியில், வெயில் நிலைத்தபின், முழுதாகச் செய்தோம். இந்த முறை அட்டையில் மாதிரி வெட்டி எடுத்துக்கொண்டு பட்டறைக்கு நேரில் போய் நின்று மடித்து வாங்கினேன்.

ஷீட்டின் கடைசி வரிசை ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, உளுத்த பலகையைக் கழற்றினோம். ஆசாரி கைமர நுனிகளை உளியால் சுரண்டிப் பார்த்து, இரண்டுக்கு மட்டும் பக்கத்தில் துண்டுக் கட்டை சேர்த்தார். மற்றவை தப்பித்திருந்தன. புதுப் பலகையை நான்கு பக்கமும், முக்கியமாக அறுத்த முனைகளிலும், பெயின்ட் அடித்தபின்தான் ஏற்றினோம். பட்டையை மேலே நுழைத்து, ஷீட்டின் அலைமேடுகளுக்கு அடியில் இருந்த இடைவெளியை ஃபோம் துண்டால் அடைத்து, ஸ்க்ரூவை மறுபடி இறுக்கினோம். துண்டுகள் சேரும் இடத்தில், காற்று வரும் பக்கத்துத் துண்டு மேலே இருக்கும்படி 2 அங்குலம் ஏற்றி, நடுவே சீலன்ட் வைத்தோம்.

வெட்டுவதற்கு கிரைண்டரைத் தொடவில்லை. கிரைண்டர் தீப்பொறி வண்ணப் பூச்சைச் சுட்டு, அங்கே துரு பிடிக்கும். பழைய ஷீட்டின் வெட்டு ஓரம் முழுக்கத் துரு கோத்திருந்ததற்கு அதுவே காரணம். தகரம் வெட்டும் கத்தரியால் வெட்டினோம். வாட்டம் குறைந்த கூரை என்பதால், ஷீட்டின் பள்ளப் பகுதிகளின் நுனியை இடுக்கியால் லேசாகக் கீழ்நோக்கி மடித்தும் விட்டோம். தண்ணீர் பிரிந்து விழ இது உதவும்.

சிமென்ட் பூச்சையும் நீர்த்தடுப்புப் பெயின்டையும் கொத்தி எடுத்தோம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி மறுபடி காற்றில் விடும் சுவர். அதன் வாயை அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சைத் தள்ளும். இரண்டு மாதம் வெறும் செங்கலாக உலரவிட்டு, சித்திரையில் சுண்ணாம்பே பூசினோம். அந்த இரண்டு மாதம் சமையலறை அலங்கோலமாகக் கிடந்ததை அம்மா முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொண்டார்.

சுவர் ஓரத்தில், இப்போது சொட்டு விழும் இடத்தில், கல்லைப் பெயர்த்து ஒன்றரை அடி அகலத்துக்கு ஜல்லி கொட்டினோம். சொட்டு கல்லில் விழுந்து தெறித்தால் சுவரின் அடி ஊறும்.

மொத்தச் செலவு 52,000 ரூபாய். அதில் மடித்த பட்டைக்குப் போனது 7,000-க்குள்.

## பின் நடந்தது

கோடை மழையில் பின்சுவர் உலர்ந்தே இருந்தது. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, பெருமழையில் முன்பும் ஊறியதில்லை. காத்திருந்தது ஆனி, ஆடித் தூறலுக்குத்தான். அந்த இரண்டு மாதக் குறிப்பில் பின்சுவரின் நேராக எல்லா நாளும் 'உலர்ந்தது' என்று இருந்தது, சமையலறை மேற்கு மூலையைத் தவிர.

அந்த மூலைக்காக மறுபடி மேலே போனேன். இரண்டு காரணம் கிடைத்தது. ஒன்று, மேற்குப் பக்கச் சரிவின் ஓரம். இறவாணத்தை மட்டுமே கவனித்த நான், பக்க ஓரத்தில் ஷீட் வெறுமனே முடிந்திருப்பதை விட்டுவிட்டேன். காற்றோடு வரும் சாரல் அங்கே பக்கவாட்டில் நுழைந்தது. இன்னொன்று, அந்த மூலை ஜன்னலின் கான்கிரீட் சன்ஷேட். கட்டியபோது கொத்தனார் அதன் அடியில், வெளி ஓரத்திலிருந்து ஒன்றேகால் அங்குலம் உள்ளே தள்ளி, விரல் அகலக் கோடு ஒன்று விட்டிருக்கிறார். சன்ஷேட்டின் அடியில் ஊர்ந்து வரும் தண்ணீர் அந்தக் கோட்டில் வந்ததும் தாண்ட முடியாமல் சொட்டிவிடும். கான்கிரீட்டுக்கு அதுவே சொட்டு விளிம்பு. கடைசியாக வந்த பெயின்டர் அதைப் பள்ளம் என்று நினைத்துப் பட்டி வைத்துச் சமமாக்கிவிட்டார். அடைத்ததைச் சுரண்டி எடுத்தோம். பக்கச் சரிவுக்கும் பட்டை வைத்தோம்.

அந்த ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழியில் பார்த்தபோது மூலை காய்ந்திருந்தது. பலகையின் அடியை விரலால் அழுத்தினேன், கெட்டியாக இருந்தது. பின்வாசலுக்கு நேராக மட்டும் பத்தடிக்குக் கட்டர் மாட்டினோம், பட்டையின் நுனி கட்டருக்குள் இறங்கும்படி. வாசலில் தலையில் சொட்டாமலிருக்க அது தேவைப்பட்டது.

## மாற்றிச் செய்வது

முதல் நாளே பக்கச் சரிவையும் சன்ஷேட்களையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது முறை சாரம் கட்டியிருக்க வேண்டியதில்லை. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் கூரை விளிம்பை ஒரு சுற்று முழுதாக நடந்து பார்த்தபின்தான் ஏணியை எடுக்கிறேன். மடிப்புக்கு அட்டை மாதிரி இல்லாமல் பட்டறையில் சொல்வதில்லை.

பட்டை எல்லாவற்றையும் சரிசெய்துவிடவில்லை. அறுத்துப் போன அந்த ஓரடி நீட்டம் திரும்ப வரவில்லை. காற்று பலமாக அடிக்கும் நாளில் மழை நேராகச் சுவரில் படுகிறது, அது சொட்டு விளிம்பால் தடுக்கக் கூடியதல்ல. ஓட்டை இறக்கிய அன்றே யாராவது கைமரத்துக்குத் துண்டு சேர்த்து, பழைய ஒன்றரை அடி இறவாணத்தைக் காப்பாற்றியிருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். ஏற்காட்டில் இன்னும் பல வீடுகளில் ஓடு இறங்கி ஷீட் ஏறிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் சேலத்து ஆட்கள்தான் செய்கிறார்கள், என் ஆட்களும் அதில் உண்டு. மொட்டை மாடிக்குப் பழகிய கைக்கு விளிம்பு என்பது வேலை முடியும் இடம். அந்த மலையில் பாதி வேலை அங்கேதான் இருக்கிறது. இப்போது ஓடு பிரிக்கும் வேலைக்கு ஆள் அனுப்பும்போது, பிரிப்பதற்கு முன் தரையில் சொட்டு விழுந்த தடம் சுவரிலிருந்து எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து எழுதி வரச் சொல்கிறேன். புது ஷீட்டின் நீட்டம் அந்த அளவுக்குக் குறையக் கூடாது.

முன்பக்க உயரக் கூரையின் இறவாணத்தில் இன்னும் பட்டை வைக்கவில்லை. சரிவு அதிகம் என்பதால் அங்கே கறை லேசாகத்தான் இருக்கிறது. வரும் தையில் செய்வதாகப் பேசியிருக்கிறோம். ஆசிரியர் நாட்காட்டித் தாளில் அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் குறித்து வருகிறார்.